ஆபாசப் படங்கள்: தனிமனித விவகாரமா, சமூகப் பிரச்சினையா? ரங்கூன் வழக்குகள் எழுப்பும் கேள்வி

பர்மாவின் ரங்கூன் நகரில், இன்செயின் சிறைக்குள் செயல்பட்ட நீதிமன்றம் ஒன்று, 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாங் ம்வே சான் என்ற மாடல் அழகிக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. முன்னாள் மருத்துவரான அவர், ஒன்லிஃபேன்ஸ் என்ற கட்டண இணையதளத்தில் தனது ஆடையற்ற படங்களை வெளியிட்டார் என்பதே குற்றச்சாட்டு. அதற்கு அடுத்த மாதம், இதே போன்ற குற்றச்சாட்டில் தின்சார் வின்ட் ஜோ என்ற மற்றொரு மாடல் அழகிக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை வழங்கப்பட்டது.

இருவரும் 2021 பிப்ரவரியில் நடந்த இராணுவப் புரட்சிக்கு எதிரான போராட்டங்களை ஆதரித்தவர்கள். நாங் ம்வே சான் வசித்த வடக்கு டகோன் பகுதியில் அப்போது இராணுவச் சட்டம் அமலில் இருந்தது.

வயது வந்த ஒருவர், தனது விருப்பப்படி, தனது படத்தைப் பணம் செலுத்துபவர்களுக்குக் காட்டுவது அவரது சொந்த விவகாரமா? அல்லது அரசு தலையிட வேண்டிய சமூகப் பிரச்சினையா? பல நாடுகளில் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வரும் இக்கேள்வியை இவ்வழக்குகள் மீண்டும் முன்வைக்கின்றன.

பாதிக்கப்பட்டவர் யார்?

இவ்வழக்குகளில் பயன்படுத்தப்பட்டது ஆபாசத்துக்கு எதிரான சட்டம் அல்ல. 2004 ஆம் ஆண்டு அன்றைய இராணுவ அரசு கொண்டுவந்த மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, தேசிய ஒற்றுமை, தேசியப் பொருளாதாரம் ஆகியவற்றோடு 'தேசியப் பண்பாட்டுக்கு' ஊறு விளைவிப்பதையும் இப்பிரிவு குற்றமாக்குகிறது.

ஆபாசப் பொருட்களுக்கென்று தண்டனைச் சட்டத்தின் 292 ஆவது பிரிவு தனியாகவே உள்ளது. 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மாவுக்கு, 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு இது. தமிழர்கள் குடியேறிய மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கூட இதே எண்ணில்தான் ஆபாசப் பொருட்களுக்கு எதிரான பிரிவு உள்ளது. இந்தியாவில் 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வரும் வரை இதே நிலைதான்.

பார்ப்பவரின் மனதை ஒரு பொருள் கெடுக்குமா என்பதே, 1868 ஆம் ஆண்டின் லண்டன் தீர்ப்பொன்றை ஒட்டி, ஆபாச வழக்குகளில் நீதிமன்றங்கள் கேட்டு வந்த கேள்வி. இந்திய உச்சநீதிமன்றம் 1964 இல் ஏற்றுக்கொண்ட இந்த அளவுகோலை 2014 இல் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் மதிப்பீடுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. ரங்கூன் வழக்குகளிலோ, தேசியப் பண்பாடே பாதிக்கப்பட்ட தரப்பாக்கப்பட்டது. அதன் சார்பில் பேசும் உரிமையை இராணுவ அரசு தானே எடுத்துக்கொண்டது.

இரு வாதங்கள்

பிறருக்குத் தீங்கு விளையாத வரை ஒருவரது செயலில் அரசு தலையிடலாகாது என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859 இல் வாதிட்டார். 2015 ஜூலையில், வயது வந்தவர் தனது அறைக்குள் இத்தகைய படங்களைப் பார்ப்பதைத் தடுக்க முடியுமா என்று அன்றைய இந்தியத் தலைமை நீதிபதி எச்.எல். தத்து எழுப்பிய கேள்வியும் இதன் தொடர்ச்சியே. அதே மாத இறுதியில் 857 இணையதளங்களை முடக்குமாறு உத்தரவிட்ட இந்திய அரசு, கடும் விமர்சனம் எழுந்ததும் பெருமளவு பின்வாங்கியது.

சமூகப் பிரச்சினை என்று கூறுவோரும் ஒரே தரப்பினர் அல்லர். ஒழுக்கம் சீர்கெடும் என்போர் ஒருபுறம். மறுபுறம், ஆபாசப் படங்கள் பெண்களின் சமத்துவத்தை மறுக்கின்றன என்று 1983 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாதிட்ட கேத்தரின் மெக்கினன், ஆண்ட்ரியா டுவோர்க்கின் போன்ற பெண்ணியவாதிகள். அமெரிக்க நீதிமன்றங்கள் இவ்வாதத்தின் அடிப்படையிலான சட்டத்தை நிராகரித்தன. ஆனால் கனடாவின் உச்சநீதிமன்றம் 1992 இல், ஒழுக்கத்தை அல்லாமல் சமூகத்துக்கு விளையும் தீங்கை அளவுகோலாக ஏற்றது.

சம்மதம் இல்லாத இடத்தில்

தீங்கு என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், பர்மாவின் உண்மையான பிரச்சினை வேறிடத்தில் இருப்பது தெரியவரும். 2014 இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்த பிறகு, அதுவரை சாமானியர்களுக்கு எட்டாதிருந்த சிம் கார்டுகள் சுமார் 1,500 சாட் விலைக்கு வந்தன. கைத்தொலைபேசி பரவிய வேகத்தில், அதன் ஆபத்துகளிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் வளரவில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் மசோதா ஒன்று 2020 இல் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டும், இராணுவப் புரட்சிக்கு முன்னர் நிறைவேறவில்லை.

புரட்சிக்குப் பின்னர், இராணுவ ஆதரவு டெலிகிராம் தளங்களில், எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த பெண்களின் அந்தரங்கப் படங்கள் அவர்களது முகவரியுடன் வெளியிடப்பட்டன. அவர்களைத் தண்டிக்குமாறும் அழைப்பு விடுக்கப்பட்டது. இத்தகைய இணையவழித் துன்புறுத்தல் குறைந்தது ஐந்து மடங்கு அதிகரித்ததாக மியன்மார் விட்னஸ் அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்தது.

ஆக, விரும்பித் தன் படத்தை வெளியிட்டவர் பண்பாட்டின் பெயரால் சிறை சென்றார். சம்மதமின்றி வெளியிடப்பட்ட படங்களோ, அரசின் எதிரிகளை மிரட்டும் ஆயுதமாயின.

தளங்களை முடக்குவதிலும் இதே குழப்பம் காணப்பட்டது. புரட்சிக்கு முன், ஆங் சான் சூசி தலைமையிலான அரசின் காலத்திலேயே, 2020 மார்ச்சில் 221 தளங்களை முடக்க உத்தரவிடப்பட்டது. ஆபாசத் தளங்களோடு, நரிஞ்சரா போன்ற ரகைன் மாநிலச் செய்தித் தளங்களும் முடக்கத்துக்கு உள்ளாயின.

எங்கே கோடு கிழிப்பது?

குழந்தைகள் விஷயத்தில் தனிமனித உரிமை என்ற வாதத்துக்கு இடமே இல்லை. குழந்தைகளின் பாலியல் படங்களைத் தரவிறக்கிப் பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சென்னை இளைஞர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. இந்திய உச்சநீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் அத்தீர்ப்பை மாற்றி அமைத்தது. இவற்றை 'ஆபாசப் படங்கள்' என்று அழைப்பதே தவறு, இவை குழந்தைகள் மீதான கொடுமையின் பதிவுகள் என்பது அதன் நிலைப்பாடு. பர்மாவும் 2019 ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமைச் சட்டத்தில் இதைக் குற்றமாக்கியுள்ளது.

தனிமனித விவகாரமா, சமூகப் பிரச்சினையா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கூறுவது கடினம். ஆனால் படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா, அவர் வயது வந்தவரா, யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல், பண்பாடு என்ற ஒன்றை மட்டுமே பேசும் சட்டம், பலவீனமானவர்களைப் பாதுகாப்பதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மேலும் ஒரு கருவியையே அது அளிக்கிறது. ரங்கூன் வழக்குகள் உணர்த்துவது இதைத்தான்.