ஊர் கூடித் தூர்வாரிய கதை



அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து கண்மாயைத் தூர்வாரும். அதற்குப் பேர் குடிமராமத்து. அள்ளின வண்டல் வயலுக்குப் போகும். ஈரம் நிற்கும், உரச்செலவு குறையும். 1858-ல் வெள்ளைக்காரர்கள் அதைக் கட்டாய வேலையாக்கிச் சட்டம் போட்டார்கள். நாளாக ஆக, ஊர்ப் பழக்கமே விட்டுப்போச்சு.

2017-ல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளோடு அதை மறுபடி தொடங்கியது. அப்போது மதிப்பீட்டில் 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரணும் என்று இருந்தது. வேலையை நடத்தும் பொறுப்பு ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களின் சங்கத்துக்கு இருந்தது. மண் சுமக்கிற நம்மில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கு?

மழை ஒரே நாளில் கொட்டிவிட்டு மாசக்கணக்கில் ஏமாற்றும் இந்தக் காலத்தில் கண்மாய்தான் விவசாயத்துக்குக் காப்பு. அடுத்த தூர்வாரலுக்கு நம்ம கூட்டமைப்பும் பங்கு போடணும்; கணக்குக் கேட்கிற இடத்திலும் நாம உட்காரணும்.