காது வைத்த ரூபாய்

நாணயச் சேகரிப்பாளர்களிடம் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. ஓட்டை போட்ட காசுக்கும் காது வைத்த காசுக்கும் மதிப்பு கிடையாது. அதே ஆண்டு, அதே உலோகம், அதே ராணியின் முகம் கொண்ட ஓட்டையில்லாத ரூபாய் ஆல்பத்தில் ஏறும். ஓட்டை விழுந்ததை வெள்ளி விலைக்கு எடைபோட்டு வாங்குவார்கள். ‘டேமேஜ்’ என்ற ஒரே சொல்லில் அதன் கதை முடிந்துவிடும். ஓட்டையை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுக்கொண்டே போனால் விடை பெரும்பாலும் ஒரு பெண்ணிடம் போய் நிற்கும்.

கீழ்பென்னாத்தூரில் இருந்த எங்கள் ஆயா விட்டுப்போனது விக்டோரியா முகம் போட்ட மூன்று வெள்ளி ரூபாய்கள். மூன்றிலும் ராணியின் தலைக்கு மேலே காது வைத்துப் பற்றவைத்திருந்தது. நாணயம் சேர்க்கும் பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் ஒரு கண்காட்சியில் அவற்றைக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “நல்ல பீஸும்மா, யாரோ கெடுத்து வெச்சிருக்காங்க” என்றார். அந்த ‘யாரோ’தான் எங்கள் ஆயா.

இந்தத் துறையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. தமிழக வரலாற்றுக்கு இந்தப் பொழுதுபோக்கு செய்தது பெரிய வேலை. 1880-களில் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி நூல் எழுதிய வால்டர் எலியட் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். ‘பெருவழுதி’ என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கிய பாண்டியர் காசை 1980-களில் உலகுக்குக் காட்டிய இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு பத்திரிகை ஆசிரியர். எங்கள் மாவட்டத்திலேயே செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் ‘சேந்தன்’ என்ற பெயர் இருக்கிறது. சங்க காலத்துச் சிற்றரசர்கள் வெறும் பாட்டுப் பெயர்கள் அல்ல என்று இந்தச் சிறு காசுகள் நிரூபித்தன. ஆனால் காசில் எழுதியிருப்பது அதை அச்சடித்தவனின் பெயர். அதைக் காலமெல்லாம் பாதுகாத்தவளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

காசில் உள்ள சேதத்தைப் படிக்க அறிஞர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் வெட்டிய தடம். அது செல்லாததாக்கப் போட்ட வெட்டா, வேறு காரணமா என்று நூறாண்டுக்கு மேல் விவாதம் நடக்கிறது. கர்நாடகத்தின் அக்கி ஆலூரில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் மன்னரின் தலைக்கு மேல் இரட்டைத் துளைகள். அணிகலனாக இருந்தவை என்று அவற்றைப் பற்றியும் கட்டுரைகள் உண்டு. அவ்வளவு தூரம் ஏன்? 1943 முதல் 1947 வரை அரசே நடுவில் துளையிட்டு வெளியிட்ட ஓட்டைக் காலணாவை ஆல்பத்தில் அழகாகச் செருகி வைக்கிறோம். அரசாங்கம் போட்ட ஓட்டை வரலாறு. ஆயா தட்டாரிடம் சொல்லிப் போட்டது மட்டும் டேமேஜ்!

அந்தக் காதை அவர் ஏன் வைத்தார்? வெள்ளி ரூபாய் என்பது 11.66 கிராம் எடை, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ‘ரூபாய் எடை’ என்பது நாட்டு மருந்துக்குக்கூட அளவாக இருந்தது. அது கையில் இருந்தால் பணம். பணம் என்றால் வீட்டு ஆண் கேட்கலாம், விதை மணிலாவுக்கு எடுக்கலாம், சாராயக் கடைக்கும் போகலாம். காது வைத்துக் கழுத்தில் போட்டுவிட்டால் அது நகை. நகை பெண்ணுடைய சீதனம், அதைக் கேட்கக் கொஞ்சமாவது கூச்சம் வரும். எங்கள் ஆயா 1956-க்கு முன்பே கல்யாணமாகி வந்தவர். அப்போது மகன் இருக்கும் வீட்டில் மகளுக்குச் சொத்தில் பங்கில்லை. கணவன் இறந்தால்கூட, 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கொடுத்தது ஆயுள்கால உரிமை மட்டும்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல், அதுவும் அதற்குமுன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டு. பட்டா தன் பெயரில் இல்லாத ஒருத்திக்கு, ரூபாயில் பற்றவைத்த அந்தச் சின்ன வளையம்தான் பத்திரம்.

நகையாக்க முடியாததைப் பெண்கள் ஒளித்து வைத்தார்கள். அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டியில், முந்தானை முடிச்சில். இதற்குத் தமிழில் ‘சிறுவாடு’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஆண் சேர்த்தால் சேகரிப்பு, பெண் சேர்த்தால் சிறுவாடு. அந்தச் சிறுவாட்டின் மேல் பேரிடி விழுந்தது 2016 நவம்பர் 8-ஆம் தேதி. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், எத்தனையோ பெண்கள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததைக் கணவனிடமோ மகனிடமோ நீட்ட வேண்டியதாயிற்று. பணம் வங்கிக்குப் போனது. அது அவள் கைக்கு மறுபடி வந்ததா என்று எந்தக் கணக்கிலும் இல்லை. ஒளித்து வைத்திருந்ததற்காகத் திட்டு வாங்கியவர்களும் உண்டு. கழுத்தில் தொங்கிய வெள்ளி ரூபாயை எந்த அறிவிப்பாலும் அப்படிச் செய்ய முடியாது. ஆயா போட்ட கணக்கு அது.

மண்ணுக்குள் இருக்கும் காசுக்கும் இதே கதைதான். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, உரிமை கோரி யாரும் வராத புதையலை அரசு எடுத்துக்கொள்ளாவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையின் இருபுறமும் பாருங்கள். நாற்று நடுவதும் களையெடுப்பதும் மணிலா ஆய்வதும் பெண்கள். செஞ்சி மண்ணில் நாயக்கரும் மராட்டியரும் முகலாயரும் மாறி மாறி ஆண்டார்கள். அந்த மண்ணில் ஒரு காசு தட்டுப்பட்டால், முதலில் அது தட்டுப்படும் கை இவர்களுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் எழுதப்படும் பெயர் அந்தக் கைக்கு உரியதா என்பதுதான் கேள்வி.

ஆல்பத்தில் ஒவ்வொரு நாணயத்தின் கீழும் ஆண்டு, உலோகம், எடை, அச்சுச்சாலை என்று எழுதுகிறோம். இன்னொரு வரி சேர்ப்போம்: யார் வைத்திருந்தது, எந்த ஊர், எப்படி வந்தது. காது வைத்ததை உருக்கப் போடாமல், அந்தக் காதோடு ஆல்பத்தில் வைப்போம். பாட்டியின் காசை விற்கவே வேண்டிவந்தாலும், விற்பதற்கு முன் அவளுடைய பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காசோடு கொடுப்போம். வாங்குபவர் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடலாம். எழுதாமலே கொடுத்தால், கிழிக்கக்கூட ஒன்றும் இருக்காது.