உவர்நீர் உரைத்த உண்மை

கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிட்டில் வீட்டோடு வீடு நெருங்கிக் கிடக்கிறது காத்தான்குடி. டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே பெருகும் என்று நாம் படித்தோம். மாணவர்க்கும் அதையே படிப்பித்தோம். 1906இல் பாங்க்ரொப்ற் அந்த நுளம்பை நோய்காவியென இனங்காட்டிய பின், உலகெங்கும் தடுப்பு முயற்சிகள் நன்னீரையே நாடின.

அந்த நம்பிக்கையை அசைத்தது நமது கரைதான். போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2011இல், ரஞ்சன் ராமசாமி, சின்னத்தம்பி சுரேந்திரன் முதலியோரின் ஆய்வு வெளிவந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மாவட்டங்களின் கரையோரத்தில் கைவிடப்பட்ட படகுகள், பாவனையற்ற கிணறுகள், எறியப்பட்ட போத்தல்கள் ஆகியவற்றில் தேங்கிய உவர்நீரை அவர்கள் சோதித்தனர். லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்ந்தன. கடல்நீரில் உள்ள உப்போ ஏறத்தாழ 35 கிராம். உவர்நீர்க் குடம்பிகளின் புறத்தோல் தடித்திருப்பதைப் பின்னைய ஆய்வுகள் காட்டின. சூழல் மாற, உயிரும் மாறுகிறது.

2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குவுக்கு ஆளாயினர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். முற்றத்துச் சிரட்டையைக் கவிழ்க்காத தாயைக் குற்றஞ்சாட்டுவது எளிது. கரையில் உக்கும் படகுக்கும் தூர்ந்த கிணற்றுக்கும் யார் பொறுப்பு? கடல்மட்டம் உயர உயர, உவர்நிலமும் பெருகும்; அங்கே குடியிருப்போர் பெரும்பாலும் ஏழைகளே.

ஆதலால் நாம் வேண்டுவது இரண்டு: பாடநூல் திருந்த வேண்டும், கரையோரத் துப்புரவு பொதுக்கடமையாக வேண்டும். உண்மையை நமது மண்ணிலேயே கண்டறிந்த பின்னும் பழம்பாடத்தையே ஒப்புவிப்போமானால், கற்றதனால் ஆன பயன் என்ன?