ஆறடிக் கூரை - பள்ளிப் பேருந்து வீடான கதை

அமெரிக்காவில் ஓய்வு பெற்ற மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை வாங்கி, அதை வீடாக மாற்றி வாழ்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பேருந்தை 'ஸ்கூலி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் எஞ்சின், டயர், துரு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எஞ்சினைப் பிறகு பழுது பார்க்கலாம், டயரை மாற்றலாம். ஆனால் உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிறது என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பின்னால் 80 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

1939 மாநாடு

அதற்கு முன் பள்ளிப் பேருந்துக்கு என்று பொதுவான அளவு எதுவும் கிடையாது. சில ஊர்களில் குழந்தைகள் குதிரை வண்டியில் கூடப் பள்ளிக்குப் போனார்கள். 1939 ஏப்ரலில் பேராசிரியர் ஃபிராங்க் சைர், நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அப்போதிருந்த 48 மாநிலங்களின் பிரதிநிதிகளும் 7 நாட்கள் கூடிப் பேசி 44 விதிகளை வகுத்தார்கள். மஞ்சள் நிறம் அங்கே பிறந்ததுதான். நடைபாதையின் அகலமும் கூரையின் உயரமும் அதே விதிகளில் இருந்தன. நிறத்தை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. கூரையை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நகரப் பேருந்தில் பயணிகள் நின்றுகொண்டு போவார்கள், அதனால் அதன் கூரை உயரமாக இருக்கும். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் உட்கார்ந்து போகிறார்கள். ஏறி இறங்கும்போது மட்டும்தான் நடக்கிறார்கள். அதற்கு ஆறடி தாராளமாகப் போதும்.

கெசியின் பேருந்து

1964இல் எழுத்தாளர் கென் கெசி நண்பர்களோடு கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்குப் போன 'ஃபர்தர்' என்ற பேருந்து புகழ் பெற்றது. அதுவும் 1939இல் செய்யப்பட்ட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பள்ளிப் பேருந்துதான். முந்தைய உரிமையாளர் அதில் ஏற்கெனவே படுக்கைகள் போட்டிருந்தார். கெசியின் குழு கூரையில் ஓட்டை போட்டு, மேலே உட்கார ஒரு கூண்டு வைத்தது. 1970இல் ஸ்டீபன் காஸ்கின் தலைமையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பேருந்துகளின் வரிசை ஒன்று கிளம்பியது. 1971இல் அவர்கள் டென்னசியில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். வீடு கட்டும் வரை பல குடும்பங்களுக்குப் பேருந்துதான் வீடு.

அந்தக் காலத்தில் கூரையை அறுக்க யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. 1977 ஏப்ரல் 1 முதல் நிலைமை மாறியது. அன்று நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதியின்படி, பேருந்தின் சொந்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரை தாங்க வேண்டும். அந்தப் பாரத்திலும் அது 5 அங்குலத்துக்குச் சற்று மேல் வரைதான் அமுங்கலாம். பேருந்து உருண்டாலும் பிள்ளைகள் நசுங்கக் கூடாது என்பதற்காக வந்த விதி இது.

மூன்று அங்குலக் கணக்கு

பெரிய பள்ளிப் பேருந்துகளுக்கு அமெரிக்கத் தேசிய வரையறை சொல்லும் குறைந்தபட்ச உட்புற உயரம் 72 அங்குலம், அதாவது சரியாக 6 அடி. நடைபாதையின் நடுக்கோட்டில், தரைத் தகட்டிலிருந்து கூரைத் தகடு வரை அளப்பது இது.

இதில் வீடு கட்டும்போது என்ன ஆகும்? குளிர் ஏறாமல் இருக்கத் தரையில் 1 அங்குல ஃபோம், அதன் மேல் அரை அங்குல பிளைவுட், அதற்கும் மேல் கால் அங்குலத் தரை விரிப்பு. கூரையிலும் அடைப்பும் பலகையுமாக ஒன்றேகால் அங்குலம் போகும். மொத்தம் 3 அங்குலம் போய் மிச்சம் 69. அமெரிக்க ஆணின் சராசரி உயரம் 5 அடி 9 அங்குலம், அதுவும் 69தான்! பாதிப் பேருக்குத் தலை இடிக்கும்.

இதுவும் நடுவில் மட்டும்தான். கூரை வளைவாக இருப்பதால் சுவரை நெருங்க நெருங்க உயரம் குறையும். குளியலறையைச் சுவரோரம் வைத்துக் கீழே தட்டும் போட்டால் அங்கேதான் முதலில் குனிய வேண்டி வரும். அதனால் வாங்குவதற்கு முன் டேப்பால் நடுவில் ஓர் அளவு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இன்னோர் அளவு எடுத்து, இரண்டிலும் 3 அங்குலம் கழித்துப் பார்க்க வேண்டும். 77, 78 அங்குல உயரப் பேருந்துகளும் தயாராகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கிடைக்காதவர்கள் ஜன்னல் மட்டத்தில் இரும்பு வளைவுகளை அறுத்து, கூரையைத் தூக்கி, புதுக் குழாய் வைத்து வெல்டு செய்கிறார்கள். ஒன்று இரண்டு அடி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 1977 விதிக்காகக் கட்டப்பட்ட கூடு அத்தோடு போய்விடுகிறது. அதன் பிறகு பேருந்து உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காப்பது அந்த வெல்டு மட்டும்தான். குழந்தைகளுக்காகப் போட்ட பாதுகாப்பை, பெரியவர்கள் நிமிர்ந்து நிற்பதற்காக அறுக்கிறார்கள். அறுக்கும் முன் டேப்பை எடுத்து வேறொரு பேருந்தை அளந்து பார்ப்பது மேல்.