கோவலன் கூத்தும் மூன்று கண்ணகிகளும்

முல்லைத்தீவுப் பக்கம் ஆடுற கூத்துக்குப் பேர் ‘கோவலன் கூத்து’. அதே கதை சினிமாவுக்குப் போனதும் ‘கண்ணகி’ (1942), ‘பூம்புகார்’ (1964), சிங்களத்தில் ‘பத்தினி’ (2016) எண்டு ஆகுது. மூன்றிலும் கோவலனுக்குத் தலைப்பில் இடமில்லை. இது சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனால் மூன்று படத்தையும் விளங்கிக்கொள்ள இதுவே நல்ல வழி.

இந்தப் படங்கள் எதுவும் எங்கட கூத்தைப் பார்த்து எடுத்தவை இல்லை. சிலப்பதிகாரம் ஒரு பக்கம், சனத்தின்ர வாயில வளர்ந்த கோவலன் கதை இன்னொரு பக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின ‘கோவலன்’ நாடகமும் கம்பனிகளின்ர மேடைகளில பாட்டோட ஓடினது. சினிமா பேசத் தொடங்கின காலத்தில, சனத்துக்கு ஏற்கெனவே பாடமாயிருந்த இப்படியான நாடகங்களைத்தான் முதலாளிமார் தேடிப் பிடிச்சவை. கதை புதுசு இல்லை, பாட்டைக் கேக்க வாற கூட்டம் நிச்சயம்.

ஜூப்பிட்டர் நிறுவனத்தின்ர 1942 ‘கண்ணகி’யில் பி. யு. சின்னப்பா கோவலன், பி. கண்ணாம்பா கண்ணகி. வசனம் இளங்கோவன். பாட்டுக்குப் பாட்டாய் நகர்ந்த தமிழ்ப் படத்துக்குள்ள இலக்கிய வசனத்தைக் கொண்டுவந்தவர்களில அவர் முக்கியமான ஆள். கூத்தில பாண்டியன் சபையில் நடக்கிற வழக்கே பாட்டுத்தான். ஆட்டக்காரர் ஒரு வரி பாட, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாட, அந்தக் கேள்வி களரியைச் சுத்தி இருக்கிற எல்லாருக்குள்ளும் இறங்கும். படத்தில கண்ணாம்பா அதைத் தனியப் பேசித் தீர்க்கிறா. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு நடிகை அந்தத் தமிழைப் பேசினவிதம் இண்டைக்கும் ஆச்சரியம்தான்.

‘பூம்புகார்’ வேற ஆள். கதை வசனம் கருணாநிதி, இயக்கம் ப. நீலகண்டன். எஸ். எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. தி.மு.க. ஆட்சியைப் பிடிக்க இன்னும் மூண்டு வருசம் கிடக்கு. அதனால சபையில் நிண்டு கேக்கிற கண்ணகி ஒரு மனுசி மட்டும் இல்லை, அரசைக் கேள்வி கேக்கிற தமிழ். 1968இல மெரினாவில் சிலையாய் எழும்பினதும் இந்தக் கண்ணகிதான் எண்டு எனக்குப் படுது. வசனம் தீ மாதிரி, மறுக்கேலாது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முதல் புருசனைப் பறிகுடுத்த பொம்பிளை எண்ட உணர்வு எனக்குக் கண்ணாம்பாவில்தான் கூட. விஜயகுமாரியில கோபம் முந்துது, அழுகை பின்னால வருது.

அந்தப் படத்தில கவுந்தி அடிகளாக வாறவ கே. பி. சுந்தராம்பாள். 1920களில் இலங்கைக்கு வந்து நாடகம் ஆடினவ, கிட்டப்பாவோட சேர்ந்து மேடையேறினதும் இங்கதான். அவ பாடத் தொடங்கினா படம் திரும்பவும் மேடையாகுது. எனக்கு ‘பூம்புகாரி’ல பிடிச்ச இடமே அவ பாடுற இடங்கள்தான்.

அடுத்தது சுனில் ஆரியரத்னவின்ர ‘பத்தினி’. கண்ணகியாக பூஜா உமாசங்கர். ‘நான் கடவுள்’ படத்தில பார்வையில்லாமல் பாடித் திரிஞ்சவ எண்டால் உங்களுக்கு உடன விளங்கும். (அந்தப் படம் வந்தது 2009 மாசியில. வன்னியில அப்ப ஆர் தியேட்டருக்குப் போறது.) ‘எங்கட கண்ணகியை அவங்கள் ஏன் எடுக்கினம்’ எண்டு கேக்கத் தோணும். ஆனால் பத்தினி தெய்யோ நேற்று வந்தவ இல்லை. கஜபாகு மன்னன் கொண்டுவந்தான் எண்டு அவையின்ர மரபு சொல்லுது. சிலப்பதிகாரத்திலும் கயவாகு வாறான். கம்மடுவச் சடங்கில செத்த கோவலனைப் பத்தினி உயிரோட எழுப்புற ஆட்டமே இருக்கு. அவள் மாங்கனியில பிறந்த கதை சிங்களத்திலும் உண்டு, எங்கட ஆக்கள் கோயில்களில படிக்கிற கண்ணகி வழக்குரையிலும் உண்டு. தமிழ்நாட்டுப் படங்களை விட இந்த விசயத்தில நாங்கள் சிங்களக் கிராமத்துக்குக் கிட்ட நிக்கிறம். கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் உண்மை.

பிறகேன் கூத்தில கோவலன் பேர்? என்ர எண்ணத்தில, கண்ணகி எங்களுக்குப் பாத்திரம் இல்லை, அம்மன். பேர் சொல்லிக் கூப்பிடப் பயம். விடிய விடிய ஆடுற நாட்டுக்கூத்துகளில ஒரே பாத்திரத்தை ஆட்கள் மாறி மாறி ஆடுவினம், முந்தி பொம்பிளை வேசமும் ஆம்பிளையள்தான். ஒரு முகத்தைக் கண்ணகி எண்டு மனசில பதியவிட மாட்டுது. சினிமாவோ கண்ணாம்பா, விஜயகுமாரி, பூஜா எண்டு முகத்தை ஒட்டித்தான் விக்குது.

இரண்டு தமிழ்ப் படமும் காட்டாத பகுதி ஒண்டு இருக்கு. மதுரையை எரிச்ச பிறகு அவ கடல் கடந்து, ஒவ்வொரு இடமாகத் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் கரைக்குக் கிழவி வேசத்தில வந்தவ எண்டு வற்றாப்பளையில் சொல்லுவினம். மாடு மேய்ச்ச பொடியளிட்டப் பசிக்குக் கேட்டா. பொடியள் பொங்கிக் குடுத்தாங்கள். பிறகு தலை பார்க்கச் சொல்ல, தலை முழுக்கக் கண்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணியில விளக்கெரிக்கிறது அவவுக்காகத்தான். கோவம் தீர்ந்த கண்ணகி அவ. 2009 வைகாசியில் அதே நந்திக்கடல் கரையில்தான் எங்கட சண்டை முடிஞ்சது. அந்தக் கண்ணகியை ஆராவது படமாக்க நினைச்சால், பாண்டியன் சபையில தொடங்காமல் அந்தப் பொடியளிட்டத் தொடங்கினால் நல்லம்.