எதிர்க்காட்டு (நிகழ்தகவியல் கற்பித்தலில்)

எதிர்க்காட்டு என்பது, மெய்யெனத் தோன்றும் ஒரு பொதுக்கூற்று எல்லா இடத்தும் செல்லாது என்பதை ஒரே நேர்வால் நிறுவும் எடுத்துக்காட்டாகும். பல்கலைக்கழக வகுப்பில் இதன் வலிமை, ஒன்றன் நிகழ்வு மற்றதன் வாய்ப்பை மாற்றாமை எனப்படும் சார்பின்மையைக் கற்பிக்கும்போதே நன்கு புலப்படும். சீரான நாணயங்கள் இரண்டைச் சுண்டி, முதலாவதில் தலை, இரண்டாவதில் தலை, இரண்டிலும் ஒரே முகம் என மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டால், ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1/2, எவ்விரண்டும் சேர்ந்து நிகழ்வதன் நிகழ்தகவு 1/4 என்பதால் அவை இரண்டிரண்டாகச் சார்பற்றவை. ஆயினும், மூன்றும் ஒருங்கே நிகழும் நிகழ்தகவு, மாணவர் எதிர்பார்க்கும் 1/8 ஆகாமல், 1/4 ஆகவே நிற்கிறது; எனவே, இரண்டிரண்டாகச் சார்பற்றவை ஒருங்கேயும் சார்பற்றவை என்னும் கூற்று செல்லாது. கணிதவியலாளர் செர்கே பெர்ன்ஸ்டைனின் நான்முகிக் காட்டும் இவ்வகையதே. இத்தகைய காட்டுகளைத் தொகுத்து ரொமானோவும் சீகலும் 1986இலும், ஸ்டோயனோவ் 1987இலும் நூல்கள் வெளியிட்டனர்.