கடைத்தெருவும் நீதிமன்றமும்: பினாங்கு வணிகர் சட்டத்துணை தேடிய வரலாறு

தைப்பூசத் திருவிழாவையொட்டி வெள்ளிரதம் புறப்படும் பினாங்குத் தெருக் கோவில் வீட்டை அறியாத பக்தர் இத்தீவில் இலர். அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்து லைட் தெருவை அடைந்து, மேற்கே திரும்பிச் சற்றுச் சென்றால் உயர்நீதிமன்றக் கட்டடத்தைக் காணலாம். கால்மணி நேர நடையும் இல்லை. ஆயினும் குயின் தெரு, மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, சூலியா தெரு ஆகியவற்றில் கடை விரித்து வாணிகம் நடத்திய நம் முன்னோர்க்கு அந்தச் சிறு தொலைவு மிக நெடியதாகவே இருந்தது. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அதன் சட்டமும் ஆங்கிலேயருடையது. வாங்கிய மனைக்கும் கொடுத்த கடனுக்கும் வழக்கு நேர்ந்தபோது அவர்கள் யாரை நாடினர், எந்த உதவி கிடைத்தது, எது கிடைக்காமற் போயிற்று என்பது ஆலயங்களின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கும் செய்தியாகும்.

சட்டம் இல்லாத இருபது ஆண்டுகள்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். காட்டை வெட்டித் திருத்துவோர்க்கு நிலம் என்று அவர் தாராளமாக வழங்கினார். சோழமண்டலக் கரையிலிருந்தும் கடாரத்திலிருந்தும் வந்து சேர்ந்த தமிழர்களைப் பற்றி 1794இல் அவர் எழுதிய குறிப்பில், சுமார் ஆயிரம் பேர் இங்கே நிலையாகத் தங்கிவிட்டனர் என்றும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, பொருளீட்டித் திரும்புகின்றனர் என்றும் கூறியுள்ளார். இவர்களுள் கடைக்காரரும் உளர், கூலிகளும் உளர். இன்று சூலியா தெரு எனப்படுவது அந்நாளில் மலபார் தெரு எனவும் குறிக்கப்பட்டது.

இவ்வாறு நிலமும் வாணிகமும் விரைந்து பெருகின. ஆனால் அவற்றுக்குரிய நீதிமன்றம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முறைப்படி அமைக்கப்படவில்லை. சில்லறை வழக்குகளை அந்தந்த இனத்தாரின் கப்பித்தான்களே விசாரித்துத் தீர்த்தனர். 1801இல் கல்கத்தாவிலிருந்து நீதிபதியாக அனுப்பப்பட்ட ஜான் டிக்கன்ஸ் என்னும் வழக்கறிஞர், தாம் நடத்த வேண்டிய சட்டம் எது என்றே தெரியாமல் திகைத்தார். இயற்கை நீதியைத் தவிர வேறு சட்டம் இவ்வூரில் இல்லை என்று மேலிடத்திற்கு முறையிட்டார். நீதிபதிக்கே அந்நிலை என்றால் கடைக்காரர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே 1801ஆம் ஆண்டில்தான் குயின் தெருவில் மாரியம்மன் வழிபாட்டிற்கான நிலம், தென்னிந்தியரின் கப்பித்தானாக விளங்கிய பெட்டி லிங்கம் செட்டியிடம் வழங்கப்பட்டது என்பர். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் என்னும் கப்பித்தானிடம் பள்ளிவாசலுக்கான நிலமும் அவ்வாண்டிலேயே தரப்பட்டது. இரண்டும் பொதுநிலங்கள்; இரண்டும் தனியொருவரிடம் ஒப்படைக்கப்பட்டவை. அந்நாளில் அதில் எவரும் குறை காணவில்லை. ஊர்ப் பெரியவர் கையில் இருந்தால் அம்மன் கையில் இருப்பதாகவே மக்கள் கருதினர். ஒப்படைக்கப்பட்டவர் மறைந்த பின் நிலம் யாருடையது என்னும் கேள்வி அடுத்த தலைமுறையில்தான் எழக்கூடியது. குயின் தெரு ஆலயம் 1833இல் விரிவாக்கிக் கட்டப்பட்டது. கப்பித்தான் காதர் முகைதீன் 1834இல் காலமானார்.

அரச சாசனமும் மொழிபெயர்ப்பாளரும்

1807இல் இங்கிலாந்து மன்னரின் நீதிச் சாசனம் பிறப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு சர் எட்மண்ட் ஸ்டான்லி தலைமையில் நீதிமன்றம் தொடங்கிற்று. 1826இல் வந்த இரண்டாம் சாசனம் சிங்கப்பூரையும் மலாக்காவையும் அதனோடு சேர்த்தது. குடிமக்களின் சமயமும் பழக்கவழக்கமும் இடங்கொடுக்கும் அளவிலேயே ஆங்கிலச் சட்டம் செயற்பட வேண்டும் என்னும் கருத்து சாசனத்தில் இருந்தது. ஆனால் அந்த இடம் எவ்வளவு என்பதை முடிவு செய்தவர் ஆங்கில நீதிபதியே.

வழக்குக்கு வந்த தமிழ் வணிகர் முதலில் நாடியது வழக்கறிஞரை அன்று. அஞ்சடியிலும் அரசாங்க அலுவலகங்களின் அருகிலும் அமர்ந்திருந்த மனு எழுதுவோரையே நாடினார். வாயால் சொன்னதை முறைப்படி எழுதித் தந்தவர் அவர். நீதிமன்றத்திற்குள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றார். வணிகரின் நியாயம் இவ்விருவர் நாவையும் கையையும் கடந்துதான் நீதிபதியை எட்டிற்று. 'ஒத்தி', 'அடமானம்', 'கைமாற்று' ஆகியவை நம் வழக்கில் வெவ்வேறு பொருளுடையன. மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்த்துவிட்டால் வழக்கே மாறிப்போகும் அன்றோ?

வழக்கறிஞர்களுள் சுதேசிகளின் உரிமைக்காக வாதாடியவர் எனப் பெயர் பெற்றவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். இவர் பத்திரிகை ஆசிரியராகவும் விளங்கினார். 'இந்தோனேசியா' என்னும் பெயரைப் பரப்பியவரும் இவரே. 1869இல் இவர் மறைந்தபோது ஊரார் நினைவுச்சின்னம் எழுப்பினர். நீதி, துணிவு, மதிநுட்பம், அடக்கம் என்னும் நான்கு பண்புகளைக் குறிக்கும் சிலைகளோடு அது உயர்நீதிமன்றத்தின் முன்னே நிற்கிறது.

உயில்கள் கற்பித்த பாடம்

வணிகப் பெருமக்கள் தம் சொத்தை உயில் எழுதி வைத்தபோதுதான் ஆங்கிலச் சட்டத்தின் முழு வலிமையும் புலப்பட்டது. பினாங்கின் பெருஞ்செல்வரான தமிழ் முஸ்லிம் வணிகர் முகமது நூர்தீனின் உயில் பற்றி 1871இல் நடந்த 'பாத்திமா எதிர் லோகன்' வழக்கில், இக்குடியிருப்பின் சட்டம் ஆங்கிலச் சட்டமே. உயிலும் அதன்படியே நோக்கப்படும் என்று நீதிபதி ஹாக்கெட் தீர்ப்பளித்தார். (வழக்கின் பெயரிலுள்ள லோகன், மேலே குறித்த லோகன் அல்லர்.) நான்கு ஆண்டுகளுக்குப் பின், பினாங்குச் சீனக் குடும்பம் ஒன்றின் வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. முன்னோர் வழிபாட்டிற்கென ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கி வைத்த ஏற்பாடு செல்லாது என 1875இல் முடிவாயிற்று.

காரணம் இதுதான். ஒரு சொத்தை விற்கவோ பிரிக்கவோ முடியாதவாறு காலமெல்லாம் கட்டி வைப்பதை ஆங்கிலச் சட்டம் விரும்புவதில்லை. பொதுமக்கள் அனைவர்க்கும் பயன்படும் அறமாயின் விலக்கு உண்டு. ஒரு குடும்பத்தின் முன்னோர்க்கு மட்டும் உரிய சடங்காயின் இல்லை. தந்தையின் திதிக்கென்றும் குருபூசைக்கென்றும் கடை வாடகையை எழுதி வைக்க நினைத்த இந்து வணிகரும் இதே விதிக்குள்தான் நின்றனர். தருமம் என்று மனத்தில் கருதியது தாளில் தருமமாக அமையாவிடில், மறைந்தவர் விருப்பம் தோற்றது. கடை வாரிசுகளிடையே துண்டாயிற்று. வழக்கு வந்த பின் அமர்த்திய வழக்கறிஞரைவிட, உயில் எழுதிய நாளில் அருகிருந்த வழக்கறிஞரே குடும்பத்தைக் காத்தார் எனலாம்.

புரோநோட்டும் பவர் பத்திரமும்

இதில் மிகுந்த விழிப்போடிருந்தவர் நகரத்தார். பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடிகளை வைத்து வட்டித்தொழில் நடத்திய அவர்கள், தாய்நாட்டிலிருந்த முதலாளியின் பெயரால் இங்கே வழக்காட வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு மேலாளும் கப்பலேறும் முன் 'பவர்' எனப்படும் அதிகாரப் பத்திரத்தோடு வந்தார். விலாச எழுத்துகள் முன்னிற்கும் செட்டியார் பெயர்கள் இந்நாட்டுச் சட்ட அறிக்கைகளில் அடிக்கடி தோன்றுவதன் காரணம் இதுவே. தமக்குள் எழுந்த பூசல்களை மட்டும் அவர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லவில்லை. கோவிலில் கூடிப் பேசித் தீர்த்தனர். வெளியாரோடு நேர்ந்த வழக்குக்கே ஆங்கில வழக்கறிஞரை அமர்த்தினர்.

1878ஆம் ஆண்டுச் சிவில் சட்டம், கூட்டு வாணிகம், வங்கித் தொழில், காப்புறுதி முதலிய வணிகக் காரியங்களில் இங்கிலாந்தில் அன்றன்று நடக்கும் சட்டமே இங்கும் நடக்கும் என்று வகுத்தது. மார்க்கெட் தெருவில் மளிகைக்கடையைப் பங்காக நடத்திய மைத்துனர் இருவர் பிரிந்தால், இலண்டன் வணிகரின் விதியே அவர்களையும் பிரித்தது. பேரேடும் சிட்டையும் தமிழில் இருந்தன. அவற்றின் பெயர்ப்பு ஆங்கிலத்தில் தேவைப்பட்டது.

பின்னர் வந்த சட்டங்கள் சில பெருந்தொழிலரையும் அசைத்தன. ஜப்பானியர் ஆட்சியில் வாழைமர நோட்டைக் கொண்டு அடைக்கப்பட்ட பழங்கடன்கள் தீர்ந்தனவா, இல்லையா என்னும் சிக்கலுக்காக 1948இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டமோ, உரிய படிவத்தில் குறிப்பு எழுதிக் கையொப்பம் பெறாத கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்க இயலாது என்றது. பணம் கொடுத்தது உண்மை, வாங்கியதும் உண்மை. தாளில் குறை இருந்ததால் வழக்கு தோற்றது. 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டும், நிலத்தை மீட்க 12 ஆண்டும் என எல்லை வகுத்தது. உறவு கெடுமே என்று கேட்கத் தயங்கியவர்க்கு அந்த ஆண்டுகள் விரைவில் கடந்தன.

அறச்சொத்துகள்

கோவில், பள்ளிவாசல் சொத்துகளிலும் பூசல்கள் மலிந்தன. தருமகர்த்தாக்கள் மாறினர், கணக்குகள் மாறின, சில இடங்களில் பொதுநிலத்தின் மேல் தனியார் வீடுகள் எழுந்தன. இதற்கென நீரிணைக் குடியேற்றங்களின் அரசு 1905இல் இஸ்லாமிய, இந்து அறக்கொடைச் சட்டத்தை இயற்றி, வாரியத்தை ஏற்படுத்திற்று. அதன் தொடர்ச்சியாகவே பினாங்கு இந்து அறப்பணி வாரியம் விளங்குகிறது. சமயக் காரியத்தில் அரசு கைவைப்பதா என்னும் மனக்குறை எழுவது இயல்பே. ஆனால் தனியொருவர் பெயரில் கிடந்த நிலத்தை எழுத்தால் பொதுவாக்கும் வழி அதற்கு முன் எளிதாகக் கிடைக்கவில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

நிலப்பதிவும் மாறிற்று. பினாங்கில் முன்பு, ஒருவர்பின் ஒருவராகக் கைமாறிய கிரையப் பத்திரங்களின் கோவையே உரிமைக்குச் சான்று. 1966 சனவரி 1ஆம் நாள் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் அரசுப் பதிவேடே சான்றாயிற்று. பழைய பெட்டியிலிருந்த பத்திரக் கட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர் எளிதில் பெயர் பதிந்தனர்.

வாடகைக் கட்டுப்பாடும் அதன் முடிவும்

இக்கடைத்தெருவை நம் காலத்தில் பெரிதும் உலுக்கியது வாடகைக் கட்டுப்பாட்டின் நீக்கமே. 1966ஆம் ஆண்டின் சட்டப்படி, 1948 சனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் உயர்த்த இயலாது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. பினாங்கில் இத்தகைய கட்டடங்கள் 12,000க்கும் மேல் இருந்தன. மிகக் குறைந்த வாடகையில் இரண்டு மூன்று தலைமுறையாகப் பூக்கடையும் பலசரக்குக் கடையும் தையற்கடையும் நடந்தன. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத கடைகளும் உண்டு. தாத்தா காலத்து ரசீதே ஆவணம்.

1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடு 1999 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவுற்றது. புத்தாண்டு பிறந்ததும் வழக்கறிஞர் கடிதங்கள் வந்தன. வாடகை பல மடங்கு உயர்ந்தது. கட்ட இயலாதோர் வெளியேறினர். வாடகைதாரர்கள் ஒன்றுகூடி அமைப்பு கண்டு போராடினர். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற இடங்களில் தமிழிலேயே முறையிடலாம் என்பது பலருக்கு ஆறுதலாயிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே வாதாடலாம். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் அது வாங்குவோர்க்குரிய மன்றம்; வணிகர் வணிகர்மேல் தொடுக்கும் வழக்குக்கு அங்கே இடமில்லை. மனைப் பூசலுக்கும் பங்காளிப் பூசலுக்கும் நீதிமன்றமே வழி.

இப்பூசலில் ஆலயங்களும் அறநிலையங்களும் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை. பழைய நகரின் கடைவீடுகள் பல அறச்சொத்துகளே. கட்டுப்பாடு இருந்தவரை அவற்றின் வாடகை விளக்கெண்ணெய்க்கும் போதவில்லை. நீங்கியபோது வருவாய் உயர வழி பிறந்தது. அக்கடையில் இருந்தவரோ ஆண்டுதோறும் திருவிழாவுக்குப் பொருளுதவிய அடியாராக இருக்கக்கூடும். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்கப்பட்ட பின் மனைவிலை மேலும் ஏறிற்று, இவ்விக்கட்டும் கூடிற்று.

வாடகைக்கு இருப்போர்க்குத் தேசிய நிலச் சட்டம் தரும் ஒரு பாதுகாப்பு இன்றும் பலர் அறியாதது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையைப் பதிவு செய்ய வேண்டுவதில்லை, வாய்மொழியாகவும் அமையலாம். எனினும் அதனை நிலப்பட்டாவில் குறிப்பாக ஏற்றிக்கொள்ள வாடகைதாரர் விண்ணப்பிக்கலாம். அவ்வாறு ஏற்றிவிட்டால், கடைவீடு வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் வாங்கியவர் அவ்வாடகை முடியும்வரை அதனை மதித்தாக வேண்டும். லைட் தெரு வழக்கறிஞரிடம் செல்வதற்கு முன், நில அலுவலகத்தில் செய்யக்கூடிய காரியம் இது.